நாத்தனாருக்கு வால் பிடித்தேன்

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், ஒரு பெயிண்ட் கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கிறார். அந்தக் கிடங்குக்கு மென்பொருள் செய்து கொடுத்தது எங்கள் அலுவலகம். செய்தது நான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

காலையிலேயே அண்ணி போன் செய்தார்.

"ஏம்மா, நீ குடுத்த அட்ரஸைத் திறந்தா அட்டவணை வரும்னு சொன்னே. இங்க ஒரே எறும்பா ஊருது! மத்தியானம் முதலாளி பாக்க வர்றார். என் தம்பி பொண்டாட்டி செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் பீத்தி வச்சிருக்கேன். மானம் போயிடும்மா."

அவர் மானம் ஒருநாள் போகும். என் மானம் குடும்பத்து விசேஷம் ஒவ்வொன்றிலும் தவணை முறையில் போகும்.

கோளாறு சின்னதுதான். பிரவுசர் எதைக் கேட்டாலும், 'இன்ன வடிவத்தில் கொடு' என்று கோரிக்கையின் தலையில் எழுதி அனுப்பும். அண்ணியின் பிரவுசர் எழுதியதில் எக்ஸ்எம்எல்லும் இருந்தது. இயந்திரங்கள் படிக்கிற அந்த வடிவத்தையே எங்கள் சர்வர் தூக்கிக் கொடுத்துவிட்டது. முகவரியின் கடைசியில் புள்ளி வைத்து எக்ஸ்எல்எஸ் என்று வால் சேர்த்தால் அட்டவணை, எக்ஸ்எம்எல் என்றால் பழையபடி எறும்பு என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"தலை இருக்க வால் ஆடலாமாம்மா?" என்றார்.

"சார், தலையில என்ன எழுதியிருக்குன்னே எங்க அண்ணிக்குத் தெரியாது. வாலை அவங்களே டைப் பண்ணிப்பாங்க."

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு சார். நாத்தனார்னும் ஒண்ணு இருக்கு."

அவர் மனைவிக்கும் நாத்தனார் உண்டு. பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார்.

வேலையை முடித்து அண்ணியை அழைத்தேன். சொன்னபடி வாலை அடித்தார்.

"அய்யோ, கட்டம் கட்டமா எவ்வளவு அழகா வந்திருக்கு!"

பொய் சொல்வானேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர் குரல் இறங்கியது.

"ஏம்மா, ரோஸ் கலர் நாலாயிரம் டப்பான்னு காட்டுதே."

"நீங்க ஏத்தினதுதான் அண்ணி."

"நாப்பதும்மா அது! ரெண்டு சைபர் சேத்து அடிச்சுத் தொலைச்சிருக்கேன். இப்பத்தான் கண்ணுக்கே தெரியுது." கார்க் கதவு சாத்தும் சத்தம் போனில் கேட்டது. "முதலாளி வந்துட்டார். கண்ணு, நான் இதைத் திருத்துற வரைக்கும், யாருக்கும் ஒண்ணும் புரியாத மாதிரி காட்ட வேற வால் ஏதாச்சும் இருக்கா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கண்ணு என்றது அன்றுதான்.

"இருக்கு அண்ணி," என்றேன். "எக்ஸ்எம்எல்னு அடிங்க."