ஹீட்டர் சுவிட்ச்

தண்ணீர்ச் செம்போடு கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், குளியலறைக் கதவுக்கு வெளியே இருந்த ஹீட்டர் சுவிட்சைப் பார்க்காமலிருக்க அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடத்தில் அவள் கணவன் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தான். அக்கம்பக்கத்தார் சுற்றி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம மீட்டர் போயிட்டாரே," என்றார் வாசலில் யாரோ.

பணிமனையில் ஃபிட்டராக இருந்தவனுக்குத் தெரு வைத்த பெயர் அது. மின்சார மீட்டர் முன்னால் சாமி கும்பிடுவதுபோல நின்றுவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போவான். சமையலும் அவன் கணக்குப்படிதான். சோற்றுப்பானை நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பானையைப் போர்வையில் சுற்றி வைத்துவிடுவான். மிச்சம் அந்தச் சூட்டிலேயே வெந்துகொள்ளும். கொதிக்கும்வரை பானைக்கு மூடியாக ஒரு தண்ணீர்ப் பாத்திரம் உட்கார்ந்திருக்கும். "ஆவி சும்மாதானே போகுது, அதுவும் கொஞ்சம் வேலை செய்யட்டும்," என்பான். கேலி செய்தவர்கள் எல்லாரும் அந்தச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஹீட்டரில் மட்டும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நேற்று அவள் போட்ட ஹீட்டரைத் தண்ணீர் சூடாவதற்குள் அணைத்துவிட்டான். தலை நிறையச் சோப்பு நுரையோடு நின்றபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. பச்சைத்தண்ணீரில் நடுங்கிக்கொண்டே குளித்துவிட்டு வந்து, "நாளைக்கு உங்களுக்கு இருக்கு," என்றாள்.

இன்று காலை அவன் ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பூனைபோல வந்து அதை அணைத்தாள். தையல் மிஷினில் போய் உட்கார்ந்து, அவன் அலறப்போவதைக் கேட்க வாயைப் பொத்திச் சிரித்தபடி காத்திருந்தாள். அலறல் வரவில்லை. தடாலென்று ஒரு சத்தம்தான் வந்தது. அக்கம்பக்கத்தார்தான் ஓடிவந்து அவனைத் தூக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள்.

டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

கேட்டது நாத்தனார்தான். அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினாள்.

"தம்பி பச்சைத்தண்ணியா ஊத்திக்கிட்டான்? திடீர்னு ஊத்தினா நெஞ்சை அடைச்சிரும்னு சொல்வாங்களே."

"தெரியலை அண்ணி."

"வீட்டுல இருந்தவ நீ ஒருத்தி. உனக்குத் தெரியாதா?"

அவள் செம்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் வந்தாள். வாளித் தண்ணீரில் காலையிலேயே கையை விட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது எந்தத் தண்ணீரும் ஆறித்தான் போயிருக்கும். இனி எப்படித் தெரியும்? யாரிடம் போய்க் கேட்பது? விளையாட்டு வினையாகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த பேச்சு, இப்போது தன் வீட்டுக் கூடத்திலேயே படுத்திருந்தது. சுவிட்சை அழுத்திய விரலைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

விரிக்கத் துணி தேடி நாத்தனார் பின்னாலேயே வந்தாள். மூலையில் இருந்த போர்வையைப் பிரித்தவள் சட்டென்று கையை உதறினாள்.

"என்னம்மா இது, உள்ள பானை! இன்னும் சுடுதே."

இருவரும் அந்தப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாத்தனாருக்கு மறுபடி அழுகை வந்தது.

"குளிப்பாட்டணும். வெந்நீர் வேணும். ஹீட்டரைப் போடு, போ," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

அவள் நகரவில்லை. பானையின் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் காணோம். அடுப்பு மேடையில் இல்லை. கழுவும் தொட்டியிலும் இல்லை.

காலையிலிருந்து எட்டிப்பார்க்கப் பயந்த குளியலறைக்குள் போனாள். அவனுடைய நீல வாளியில் பாதித் தண்ணீர் நின்றது. அதன் பக்கத்தில் அந்தப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். அடியில் கஞ்சி காய்ந்து, ஒரு பருக்கைகூட ஒட்டியிருந்தது. பானையின் மேலிருந்து அப்படியே தூக்கி வந்து ஊற்றிக் குளித்திருக்கிறான்.

அவளுக்கு மூச்சு வந்தது. அழலாம் போலிருந்தது. அப்போதுதான் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள்.

ஹீட்டர் குழாய்க்கடியில் அவளுடைய சிவப்பு வாளி இருந்தது. கழுவிக் கவிழ்த்த குவளை அதற்குள்ளே. மேலே கொக்கியில் அவளுடைய துண்டு. இத்தனை வருஷத்தில் அவன் இப்படி எதையும் எடுத்து வைத்ததில்லை. ஹீட்டர் அவனுக்காக எரியவில்லை.

"தம்பி ஊத்திக்கிட்ட தண்ணி சுட்டுச்சாம்மா?" என்று கதவருகே வந்து நின்ற நாத்தனார் கேட்டாள். குரலில் இப்போது காரம் இல்லை.

"வெந்நீர்லதான் குளிச்சார் அண்ணி."

"அப்ப சரி. பாவம், சூடாவாவது ஊத்திக்கிட்டானே," என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் கூடத்துக்குப் போனாள்.

அவள் வெளியே வந்து சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே தண்ணீர் சூடேறும் மெல்லிய இரைச்சல் தொடங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பழக்கத்தில் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். அணைக்க யாரும் வரவில்லை.