'அன்புள்ள சகோதரரே' என்று தொடங்கவும்

எங்கள் பள்ளிக்கூட செட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். ராஜாக்கமங்கலத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவனுக்கு உலகம் கொடுத்த ஒரே பதவி. வீட்டில் டிவி ரிமோட்கூட என் கையில் கிடையாது.

மதமும் அரசியலும் கூடாது என்பது குரூப்பின் பழைய சட்டம். அதனால் விடிந்தால் ரோஜாப்பூ, பொழுதடைந்தால் நிலா, நடுவில் யாருக்காவது சுகர் எவ்வளவு என்ற விசாரணை. 2016 தேர்தல் வந்ததும் எனக்குள் கிடந்த சட்டமேதை எழும்பிவிட்டான். இனி எதையும் பேசலாம், ஆனால் மரியாதையோடு. 'அன்புள்ள சகோதரரே' என்று தொடங்க வேண்டும். 'ஏலே' கிடையாது. மீறினால் ஒரு வாரம் வெளியே. அறிவித்துவிட்டு எனக்கு நானே ஒரு கைதட்டலும் போட்டுக்கொண்டேன்.

முதலில் எழுதியவன் எபிசன். "அன்புள்ள சகோதரரே, போன ஞாயிறு எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும், இன்னாருக்குத்தான் ஓட்டு என்று அறிவித்தார்கள். ஆலயத்தில் வைத்து அதைச் சொல்லலாமா? தாழ்மையோடு கேட்கிறேன்."

அறிவித்தவன் சபைச் செயலர் ஆன்ட்ரூஸ். அவனும் எங்கள் செட்டுதான். அவன் வாய் திறப்பதற்குள் எதிர்க்கட்சிக்காரன் பகவதியப்பன், "உங்கள் ஆட்களிலும் அறிவுள்ளவர்கள் இருப்பதில் மகிழ்ச்சி" என்று பாராட்டிவிட்டான். எபிசனுக்கு அதைவிடப் பெரிய கெடுதலை யாரும் செய்திருக்க முடியாது.

ஆன்ட்ரூஸின் பதில் வந்தது. "அன்புள்ள சகோதரர் எபிசன் அவர்களுக்கு, தங்கள் மகள் பெமிலாவின் முதல் ஓலை வரும் ஞாயிறு வாசிக்க வேண்டியிருக்கிறது. சபையை மதிக்காதவருக்குச் சபையின் ஓலை எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என அன்போடு கவலைப்படுகிறேன்."

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பதுதான் ஓலை. அது இல்லாமல் ஆலயத்தில் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளையின் அப்பா ராஜையனும் குரூப்பில் இருந்தான். ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆன்லைனில் இருப்பது மட்டும் தெரிந்தது.

எபிசன் எழுதினான்: "ஏலே ஆன்ட்ரூஸ், எனக்க பிள்ளைய இதுல இழுத்தா மூஞ்சியப் பேத்துருவேன்."

குரூப்பில் மரியாதை பொங்கியது. "சகோதரர் அட்மின் எங்கே?" "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?" இது குவைத்திலிருந்து கிளீட்டஸ். ஆன்ட்ரூஸ் எழுதியதை எழுத்து எழுத்தாகத் துழாவிப் பார்த்தேன். ஒரு கெட்ட வார்த்தை கிடைக்கவில்லை. மிரட்டலுக்கு என் சட்டத்தில் தண்டனை கிடையாது, 'ஏலே'வுக்கு இருந்தது. எபிசனை நீக்கினேன். கைகூப்பும் படங்கள் கொட்டின.

சனிக்கிழமை எபிசன் கடைக்கு வந்தான்.

"ஓல வாசிக்க மாட்டானாம் மக்கா. மன்னிப்பு எழுதணுமாம். குரூப்புல போடணும், தாளுலயும் ஒண்ணு குடுக்கணும்."

"போடுவியா?"

"போடாம? பத்திரிக அடிச்சாச்சி. பிள்ள ரெண்டு நாளா சோறு தின்னல்ல."

"செரி, ஒன்னத் திரும்பச் சேத்துடுகேன்."

"ஒரு வாரம் ஆகல்லியே. ஒனக்க சட்டம்?"

"சட்டம் போட்டவன் செட்டுலயே கடைசி பெஞ்சுல்லா."

"அப்பம் நீயே எழுது. மரியாதைக்கு நீதானல ஹோல்சேல் வியாபாரி."

அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "அந்த நாய்க்கு நாலு எழுத்து தெரியுமா" என்றான். 'கல்வியிற் சிறந்த பெருமதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு' என்று அடித்தேன். "எனக்க பிள்ளைக்க வாழ்க்கைய வச்சுக் களிக்கான்" என்றான். 'என் மகளின் வாழ்வில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு' என்று அடித்தேன். கண்ணில் நீர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். முழுவதும் வாசித்துக் காட்டியபோது அவன் சிரிப்பு நின்றது.

"இதுல நான் முட்டு போட்டு நிக்கது மாதிரி இருக்கே மக்கா."

"அவன் கேட்டதே அதுதானல," என்றேன். ஜோக்கு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மறுநாள் எங்கள் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் எபிசனின் சபைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓலைக்கு முன்னால் ஆன்ட்ரூஸ் ஒரு தாளை எடுத்தான். எங்கள் கடிதம். ஒவ்வொரு சொல்லாகச் சப்பிச் சப்பி வாசித்தான். 'கல்வியிற் சிறந்த' வந்தபோது யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். 'அறிவீனத்தால் பேசிய அடியேன்' என்ற இடத்தில் தலைதூக்கி எபிசனைப் பார்த்துவிட்டு, அந்த வரியை இன்னொரு முறை வாசித்தான். பெண்கள் பக்கம் பெமிலாவின் தலை பெஞ்சுக்குக் கீழே போயிருந்தது. பிறகு ஓலை வாசிக்கப்பட்டது. மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்றான். யாருக்கும் மறுப்பு இல்லை.

வெளியே ராஜையன் வந்து எபிசனின் தோளில் கை போட்டான்.

"சம்பந்தி, கடிதம் நல்லா இருந்து ஓய். நான் ஒண்ணும் எழுதாம பாத்துட்டேதான் இருந்தேன். ஒரு சொல்லு சொன்னா அடங்குத குடும்பமாக்கும் நமக்கு வேண்டியது. பெமிலாவும் அப்பனப் போலத்தான இருப்பா?"

பெமிலா அவர்களுக்குப் பின்னால்தான் நின்றாள். எபிசன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவேன் என்று நினைத்திருக்கலாம். நான் போனை எடுத்து நோண்டினேன்.

"ஆமா," என்றான் எபிசன். "அவளுக்கும் எதுத்துப் பேசத் தெரியாது."

ராஜையன் சிரித்துக்கொண்டே போனான். எபிசன் பைக்கை எடுத்து வந்து மகளின் பக்கத்தில் நிறுத்தினான். பெமிலா ஏறவில்லை, நடக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, வெயிலு கொல்லுகு. ஏறு மக்ளே," என்றான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, பைக்கை உருட்டிக்கொண்டு அவள் பின்னால் போனான்.