ஆறு ஜீப்பிலும் ஒரே விரிசல்

பெரிய மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதிலும் மாமனார் வீட்டில் அவர் மாப்பிள்ளைதான். மூத்த மகளைக் கட்டியதால் பெரிய மாப்பிள்ளை. இளையவளைக் கட்டிய மெக்கானிக், சின்ன மாப்பிள்ளை. பெரியவருக்குக் கடைத்தெருவில் திரைத்துணிக் கடை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பார். மடிப்பு இத்தனை, வளையம் இத்தனை என்று துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வருவார். அளக்கிற வேலையைக் கடையோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சாய்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பில் மலைக்குப் போய்வந்த பேச்சு வந்தது. வந்த பேச்சு வந்த வழியே போயிருக்கும். பெரிய மாப்பிள்ளை விடவில்லை. தானும் ஒரு ஜீப் பார்த்துக்கொண்டிருப்பதாக எடுத்துவிட்டார். பழசுதான், ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சனி ஞாயிறு மட்டும் எடுப்பது. ஆற்றில் இறக்கி அக்கரையில் ஏற்றுவது, கல்லும் கரடுமாக ஒரு மேடு விடாமல் ஏறுவது, மொத்தக் குடும்பத்தையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு.

“வாரம் பூரா துணிக்குள்ளயே கிடக்குறேன். எனக்கும் ஒரு விளையாட்டுச் சாமான் வேணாமா?” என்றார். மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். மாமியார், மாப்பிள்ளைக்கு இப்போதுதான் வயசு திரும்புகிறது என்றார். அந்தச் சிரிப்பும் அந்தப் புகழ்ச்சியும் அவருக்குத் தலைக்கு ஏறிவிட்டன.

உண்மை என்னவென்றால், அவருக்கு மேட்டில் வண்டி ஓட்டப் பயம். சமதளத்தில் காரை அழகாக ஓட்டுவார். முன்பக்கம் தூக்கி, கண்ணாடி வழியே ரோடு மறைந்து வானம் மட்டும் தெரிந்தால் போதும், கால் எது பிரேக் என்று தேடும். கடைக்குப் போகிற வழியில் ஒரு பாலம் உண்டு. பதினைந்து வருஷமாக அதில் ஏறாமல் கீழே சுற்றிப் போகிறார். மேலே நெரிசல் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார்.

சொன்ன வாய்க்காக வண்டி பார்க்கக் கிளம்பவேண்டியதாயிற்று. துணைக்குச் சின்ன மாப்பிள்ளையை அழைத்தார். இதைவிட நல்ல துணை கிடையாது. சின்ன மாப்பிள்ளை வேலை பார்க்கிற பெரிய கராஜில், பழுது பார்த்த எந்த வண்டியும் அவர் கடைசியாக ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகாது. வண்டியின் சொந்தக்காரர்கள் முதலாளியிடம் கேட்கிற முதல் கேள்வியே “அவர் பாத்துட்டாரா?” என்பதுதான். பார்த்துவிட்டார் என்றால் பேச்சு முடிந்தது. அந்தக் கையெழுத்துதான் அந்த மனுஷனின் சொத்து, மரியாதை எல்லாம்.

முதல் ஜீப் ஒரு செங்கல் சூளைக்காரருடையது. ஓட்டிப் பாருங்கள் என்று சூளைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைக் காட்டினார். பெரிய மாப்பிள்ளை பாதி மேடு ஏறி, வண்டி நின்றுபோய், பின்னாலேயே உருண்டு இறங்கினார். கியர் பழக்கமில்லை என்று சமாளித்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இறங்கியதும் சின்ன மாப்பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்டார், “என்ன சகலை, ஏதாவது குறை இருக்கா?”

சின்ன மாப்பிள்ளை அவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்து, அடிச்சட்டத்தில் விரிசல் இருக்கிறது, பற்றவைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், வேண்டாம் என்றார். அடிச்சட்டம் என்பது வண்டியின் முதுகெலும்பு. அதில் விரிசல் என்றால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். பெரிய மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு ஜீப், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. இப்போது அவர் கெட்டிக்காரராகிவிட்டார். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே சகலையை அடியில் அனுப்பிவிடுவார். ஒவ்வொரு தடவையும் விரிசல் வந்து காப்பாற்றியது. அன்று மத்தியானம் மாமனார் வீட்டில், இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியவில்லை என்று அலுத்துக்கொள்வார். சக்கரத்தில் கால் வைத்து நின்று எடுத்த போட்டோக்களைக் காட்டுவார். சின்ன மாப்பிள்ளை வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளின் காலையை மண்ணில் மல்லாந்து படுத்துக் கழித்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். ஐந்து வண்டியிலும் ஒரே மாதிரி விரிசல் எப்படி என்று பெரிய மாப்பிள்ளை யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் அவருக்குச் சௌகரியம் இருந்தது.

ஆறாவது ஜீப் ஒரு மாட்டு டாக்டரம்மாவுடையது. பதின்மூன்று வருஷமாகத் தொழுவம் தொழுவமாக அதில்தான் போய்வந்திருந்தார். ஆபீஸில் புது வண்டி கொடுத்துவிட்டார்கள், இது சும்மா நிற்கிறது, யாராவது ஆசையாக வைத்துக்கொண்டால் சரி என்றார். எப்போது எந்த போல்ட்டை மாற்றினார் என்பது வரை அவருக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வண்டி துடைத்து வைத்த பாத்திரமாக நின்றது. தள்ளி ஒரு ஏரிக்கரை மேடு. அதைப் பார்த்ததுமே பெரிய மாப்பிள்ளை, “சகலை, நீங்க மொதல்ல பாத்துடுங்க” என்றார்.

சின்ன மாப்பிள்ளை அடியில் போனார். வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று. வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், அடிச்சட்டத்தில் விரிசல் என்றார்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. ஒரு சாக்கை எடுத்துத் தரையில் விரித்தார். வெள்ளைக் கோட்டோடு அப்படியே மல்லாந்து படுத்து வண்டிக்குள் நகர்ந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வாங்க. வந்து விரல வச்சுக் காட்டுங்க.”

சின்ன மாப்பிள்ளையும் மறுபடி உள்ளே போனார். பெரிய மாப்பிள்ளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு கால்கள்தான் தெரிந்தன, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு ஜோடி தேய்ந்த செருப்பு. டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் போயிற்று. பிறகு ஒரே இடத்தில் நின்றது.

“தப்பாப் பாத்துட்டேன் டாக்டர்” என்றது சகலையின் குரல்.

டாக்டரம்மா எழுந்து வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். இவர்கள் நாலாவதாகப் பார்த்த ஜீப்பின் சொந்தக்காரர் தன்னோடு வேலை செய்கிறவர்தான் என்றார். அந்த வண்டியிலும் இதே விரிசலைச் சொல்லியிருக்கிறார்கள். வேறு மெக்கானிக்கை வைத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. வண்டியை மட்டம் தட்டி விலையைக் குறைப்பதற்காகச் சொல்கிறாரா, இல்லை தொழிலே தெரியாதா என்று சின்ன மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டார். அவரோ கையில் இருந்த டார்ச்சை அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லுங்க சார். இவர் பேச்ச நம்பித்தான் வண்டி பாக்குறீங்களா?”

அந்த நிமிஷத்தில் பெரிய மாப்பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆறு ஜீப்பும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. ஒரு வாக்கியம் போதும். எனக்கு மேட்டில் ஓட்டப் பயம் டாக்டர், அதை மறைக்கத்தான் இவர் இப்படிச் சொன்னார். அவ்வளவுதான். வாயைத் திறந்தார். சிரிப்பு வந்தது, அசட்டுச் சிரிப்பு.

“என்ன பண்றது டாக்டர், சொந்தக்காரர். கூட வரேங்கும்போது வேணாம்னு சொல்ல முடியல.”

சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை, அதே நாக்கால் போய்வருகிறோம் என்றும் சொன்னார்.

கார் பாதி தூரம் வந்துவிட்டது. கடைசியில் பெரிய மாப்பிள்ளைதான், எந்த வண்டியிலாவது உண்மையிலேயே விரிசல் இருந்ததா என்று கேட்டார். எதிலும் இல்லை என்றார் சின்ன மாப்பிள்ளை. எப்போதிலிருந்து தெரியும் என்றதற்கு, முதல் வண்டியிலேயே என்றார்.

“எல்லாரும் இறங்கி வந்து வண்டி நல்லா இருக்கான்னு கேப்பாங்க. நீங்க குறை இருக்கான்னு கேட்டீங்கண்ணா.”

“என்கிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“எப்படி சொல்றது? வீட்ல அத்தன பேர் முன்னாடி அவ்வளவு சந்தோஷமா பேசிட்டிருந்தீங்க.” கொஞ்சம் கழித்து, “நான் தப்பாப் பாத்ததாவே இருந்துட்டுப் போகட்டும். விடுங்க” என்றார்.

பெரிய மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். கேட்டது, டீ சாப்பிடலாமா என்று. சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரிடம் மனைவி விஷயத்தைச் சொன்னாள். தங்கை போனில் அழுதாளாம். அந்த மாட்டு டாக்டரம்மாவின் ஆபீஸ் வண்டிகள் சகலையின் கராஜுக்குத்தான் போகிறதாம். அங்கே சகலையைக் கண்ட டாக்டரம்மா, நடந்ததை முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். முதலாளி கூப்பிட்டு விசாரித்தபோது சின்ன மாப்பிள்ளை, கொஞ்ச நாளாகக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். முதலாளி திட்டவில்லையாம். கண்ணைக் காட்டிக்கொண்டு வா, அதுவரை டயர் மாற்றுகிற பக்கம் இரு என்று தன்மையாகவே சொல்லி, கையெழுத்துப் போடுகிற வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்.

“நீங்க கூடத்தான இருந்தீங்க? நிஜமாவே கண்ணு தெரியலையா அவருக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“கொஞ்சம் தடுமாறிட்டார்” என்றார் பெரிய மாப்பிள்ளை.

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கக் கூசியது. மெக்கானிக்கின் முன்னால், டாக்டரம்மாவின் முன்னால் என்றுகூட இல்லை, சொந்தக் குளியலறையில் தனியாக நிற்கும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கடையில் துணியைத் தப்புத் தப்பாக வெட்டினார். ஒரு வீட்டு ஜன்னலுக்கு ஒன்றரை முழம் குறைந்துபோயிற்று.

சனிக்கிழமை காலையில் ஒரு முடிவோடு கிளம்பினார். கராஜ் ரோட்டைவிடத் தாழ்வாக இருந்தது. சரிவில் இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், அங்குலம் அங்குலமாக, வேர்த்துக் கொட்டக் காரை உள்ளே இறக்கினார். முதலாளி மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஐந்தாறு மெக்கானிக்குகள் அங்கங்கே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில், சின்ன மாப்பிள்ளை ஒரு டயருக்கு முன்னால் குந்தியிருந்தார்.

பெரிய மாப்பிள்ளை ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே. மாமனார் வீட்டில் அளந்துவிட்டதை, மேட்டுப் பயத்தை, பாலத்தில் ஏறாததை, ஆறு ஜீப்பை. இவருக்குக் கண்ணில் கோளாறே இல்லை, என் மானத்தைக் காப்பாற்றத்தான் விரிசல் இருப்பதாகச் சொன்னார் என்றார். இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சிரிக்கட்டும் என்று நின்றார். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை நாள் கழித்து ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது.

முதலாளி கையில் இருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார்.

“அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“ரொம்ப நல்லா இருக்கு சார்.”

“தெரிஞ்சேதான் சொல்லியிருக்கார். ஆறு வண்டிக்கும்.”

பெரிய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது.

“கண்ணுன்னா கண்ணாடி போட்டுட்டு வந்து மறுபடி கையெழுத்துப் போடுன்னு சொல்லியிருப்பேன்” என்றார் முதலாளி. “இல்லாதத இருக்குன்னு சொல்றவர், நாளைக்கு இருக்கறத இல்லைன்னு சொல்லமாட்டார்னு நான் எப்படி சார் நம்பறது?” குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. சின்ன மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

சின்ன மாப்பிள்ளை எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“கண்ணுன்னா ஒரு மாசத்துல மறந்திருப்பாங்கண்ணா” என்றார் மெதுவாக.

“உங்களுக்கு நல்லது பண்ணலாம்னுதான் சகலை...” என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. அது உண்மையில்லை. தன் வெட்கத்தை இறக்கிவைக்க ஓர் இடம் தேடித்தான் அவர் வந்திருந்தார். இறக்கியும் வைத்துவிட்டார்.

சின்ன மாப்பிள்ளை காரைப் பார்த்தார், பிறகு சரிவைப் பார்த்தார். கார் உள்ளே மூக்கை நீட்டி நின்றது. வெளியே போவதென்றால் பின்னாலேயே மேடு ஏற வேண்டும். அவர் கையை நீட்டினார்.

“சாவியக் குடுங்க. நான் ஏத்தி விடறேன்.”

வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று சொல்லத்தான் பெரிய மாப்பிள்ளை நினைத்தார். மெக்கானிக்குகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவர் கை சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டிவிட்டது. சின்ன மாப்பிள்ளை சீட்டில் கிரீஸ் படாமல் ஒரு பழைய துணியை விரித்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் காரை மேலே ஏற்றி ரோட்டோரமாக நிறுத்தினார். பெரிய மாப்பிள்ளை அந்தச் சரிவில் நடந்து ஏறினார்.