ஆயிரத்து இருபத்து நான்கு பேரில் ஒருத்தி

சுலோசனா டீச்சர் மே மாதம் ஓய்வு பெற்றது ஆவடியில் அவர் வேலை பார்த்த பள்ளிக்குத் தெரியும். ஓசூரில் இருக்கும் மகளுக்குத் தெரியும், திருநின்றவூர் பால்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாதது ஆயிரத்து இருபத்து மூன்று பேருக்குத்தான். அவர்கள்தான் டீச்சருக்கு வேண்டியவர்கள் என்பதால் அவர்களிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். ஸ்மார்ட் போர்டு வைத்துப் பாடம் நடத்தும் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் குழு. சத்தம் வரவில்லை, பேனா எழுதவில்லை, படம் தலைகீழாக நிற்கிறது என்று யார் அலறினாலும் முதல் பதில் சுலோசனாவுடையதுதான். முன்பு இதையெல்லாம் வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தார். வலைப்பூ இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதில் கடைசியாகப் பின்னூட்டம் போட்டவர் வழுக்கைக்கு எண்ணெய் விற்கிறவர். ஜனங்கள் எல்லோரும் குழுவுக்குக் குடிவந்துவிட்டார்கள்.

குழுவில் ஆயிரத்து இருபத்து நான்கு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. வெளியே எழுபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் குழுவின் ஒரே அட்மினான டீச்சரே ஒரு விதி போட்டார். வகுப்பில் போர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இடம். ஓய்வு பெற்றவர்கள் கிளம்பிவிட வேண்டும். போன வருஷம் ராகவன் சார் ஓய்வு பெற்றதும், "ஒரு ஓரமா இருந்து படிச்சிக்கிட்டு இருக்கேனே டீச்சர்" என்று தனியாகக் கேட்டிருந்தார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்" என்று எழுதி, அந்த நிமிடமே அவரை நீக்கினார் டீச்சர். அன்றைக்கு அது ரொம்ப நேர்மையான காரியமாகப் பட்டது.

இந்த வருஷம் அவர் முறை வந்தபோது நேர்மைக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கணவர் போய் ஆறு வருஷமாகிறது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலைக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு வந்த இந்தத் திருநின்றவூர்த் தெருவில், காலை ஏழரைக்கெல்லாம் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். மாடியில் குடியிருக்கும் ஐ.டி. தம்பதியும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பிறகு டீச்சர் யாரிடமாவது பேச வேண்டுமானால் குக்கரிடம்தான் பேச வேண்டும். பதினொன்று பத்துக்குப் பள்ளிகளில் இடைவேளை விடும்போது குழு கலகலக்கும். டீச்சர் பத்தரையிலிருந்தே கைப்பேசியைத் துடைத்து வைத்துக் காத்திருப்பார். வேண்டுமென்றே, "இப்போ கிளாஸ்ல இருக்கேன், இன்டர்வெல்ல சொல்றேன்" என்று எழுதிவிட்டு பீன்ஸ் நறுக்குவார். எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். நறுக்கி முடிப்பதற்குள் அதுவும் போய்விடும்.

இப்படியே ஆகஸ்ட் வரை ஓடியது. ஒரு திங்கட்கிழமை நசரத்பேட்டை பக்கத்துப் பள்ளியிலிருந்து அகல்யா என்ற அறிவியல் டீச்சர் கேட்டாள். குழுவுக்குப் புதிது.

"போர்டு ரொம்ப ஸ்லோவா போகுது. க்ளீன்னு ஒரு பட்டன் இருக்கு. அத அழுத்தினா நான் வரைஞ்சு வெச்ச பாடமெல்லாம் போய்டுமா?"

சுலோசனாவுக்கு அந்தப் பொத்தான் கை ரேகை மாதிரி. வேண்டாத குப்பையை மட்டும் கூட்டிப் பெருக்கும் பொத்தான். வேறு யாராவது முந்திக்கொள்ளப் போகிறார்கள் என்ற பதற்றத்தில், "போகாது. தைரியமா அழுத்துங்க" என்று எழுதினார்.

அழுத்தினாள். இரண்டு வருஷமாக விரலாலேயே வரைந்து சேர்த்த இதயம், பூவின் குறுக்குவெட்டு, சிறுநீரகம் என்று நூற்று நாற்பது பாடங்களும் போயின.

டீச்சர் "நான்தான் தப்பா சொல்லிட்டேனோ" என்று எழுத ஆரம்பிப்பதற்குள் குழு பாய்ந்துவிட்டது. டீச்சர் மேல் அல்ல, அகல்யா மேல்.

"சுலோசனா டீச்சர் சொல்லி இதுவரைக்கும் தப்பா போனதில்ல. நீங்க வேற எதையாவது அழுத்தியிருப்பீங்க" என்றார் ஜெயராமன் சார். "காப்பி எடுத்து வெக்காம யாராவது வேலை செய்வாங்களா?" என்றார் இன்னொருவர். கடைசியில் அகல்யாவே எழுதினாள்: "சாரி. என் தப்புதான். அவசரத்துல கை பட்டிருக்கும். சுலோசனா டீச்சர் தப்பா நினைச்சுக்காதீங்க."

டீச்சர் அன்று ஒன்றும் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. நாம் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. சோதித்துப் பார்க்க அவரிடம் போர்டு இருந்தால்தானே?

புதன்கிழமை ரயிலேறி ஆவடிக்குப் போனார். பள்ளி வாசலில் காவலாளி இருதயராஜ் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டீச்சர், ஊட்ல சும்மா குந்திகினு இருக்க முடியலியா?"

"ஒரு நிமிஷம் போர்டப் பாத்துட்டுப் போய்டறேன் இருதயராஜ்."

"போய்ப் பாருங்க. பசங்கல்லாம் கிரவுண்டுல கீறாங்க, கிளாஸு காலியாத்தான் கீது."

தன் பழைய வகுப்பில் நுழைந்து போர்டைப் போட்டார். பொத்தான் அதே இடத்தில் இருந்தது. அதன் கீழே மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது: சேமித்த கோப்புகளும் அழிக்கப்படும். கோடை விடுமுறையில் மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். போர்டு பக்கத்தில் இருந்து, பதில் சொல்லுமுன் ஒரு தடவை பொத்தானைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். சுலோசனா கடைசியாகத் தொட்டது ஏப்ரலில்.

ஆவடி நிலைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தார். நான்காவது தடவை அனுப்பிவிட்டார்.

"அகல்யா மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னுது. நான் மே மாசமே ரிட்டயர் ஆயிட்டேன். எங்கிட்ட போர்டு இல்ல. உங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லிட்டு இருந்திருக்கேன். உங்கள விட்டா பேச எனக்கு வேற ஆள் இல்ல, அதனாலதான். மன்னிச்சிடுங்க."

மதிய உணவு நேரம். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. பன்னிரண்டு ஜோடி வரை டீச்சர் எண்ணினார். "உங்களுக்கு மட்டும் ரூல மாத்திடலாம் டீச்சர்" என்று ஜெயராமன் சார் எழுதினார். ராகவன் சாருக்கு மாற்றாத விதியைத் தனக்காக மாற்றிக்கொண்டு எந்த முகத்தோடு உட்காருவது? "வேணாம் சார்" என்று பதில் போட்டார். அதற்குள் யாரோ, "படம் வருது, சத்தம் வரல, அவசரம்" என்று கேட்டுவிட்டார்கள். விடை சுலோசனாவுக்குத் தெரியும். கட்டைவிரல் தானாகத் தட்டச்சுக்குப் போனது. பாதி அடிப்பதற்குள் திருத்தணியிலிருந்து ஒருவர் சொல்லிவிட்டார், சரியாகவே சொல்லிவிட்டார்.

அடித்ததை அழித்தார். இனி அவளை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று அகல்யாவைக் குழுவின் அட்மின் ஆக்கினார். காத்திருந்த எழுபது பேரின் பட்டியலை அவளுக்கு அனுப்பினார். பிறகு வெளியேறினார். இவர் போனதை அட்மினுக்கு மட்டுமே தெரிவிப்போம் என்றது கைப்பேசி. ஆக, ஒரே ஒருத்திக்கு.

திருநின்றவூர் பக்கம் இரண்டு ரயில்கள் போயின. டீச்சர் எழுந்திருக்கவில்லை. அகல்யா கூப்பிடுவாள் என்று உள்மனம் சொன்னது. சொன்னபடியே கூப்பிட்டாள்.

"டீச்சர், எதுக்கு டீச்சர் இதெல்லாம்?"

"இல்லம்மா, உன் உழைப்பெல்லாம் என்னால போச்சு. நானே எல்லாத்தையும் திரும்ப வரைஞ்சு தர்றேன். நாள் பூரா சும்மாதான் இருக்கேன். நசரத்பேட்டைக்கே வந்து, உன்கூட உக்காந்து..."

"ஐயோ, வேணாம் டீச்சர். எங்க பசங்களே ஆளுக்கொரு படம்னு வரைஞ்சிட்டு இருக்காங்க. பாதி முடிஞ்சுடுச்சு. ஜாலியா பண்றாங்க."

"அப்படியா... நல்லதும்மா."

"உங்க மேல எனக்குக் கொஞ்சங்கூடக் கோபம் இல்ல டீச்சர். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க. பெல் அடிக்கிறாங்க, வெச்சிடறேன்."

நாற்பது வினாடியில் மன்னிப்பு கிடைத்துவிட்டது. அவள் என்னென்ன சொல்லித் திட்டுவாள், அதற்கெல்லாம் தான் என்னென்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தார் சுலோசனா. ஒன்றைக்கூடச் சொல்ல வாய்க்கவில்லை. திட்டியிருந்தால் இன்னும் பத்து நிமிடமாவது பேசியிருப்பாள்.