ஆமை என்றொரு சீஸ்

ஆற்றின் மேல் பாலம் வருவதற்கு முன்னால் இரண்டு கரைக்கும் நடுவில் ஒரே ஒரு மோட்டார் படகுதான் ஓடியது. அகலமான, தட்டையான இரும்புப் படகு. ஆட்களோடு சைக்கிள், தள்ளுவண்டி, சில நாள் ஒரு பசுமாடு கூட ஏறிக்கொள்ளும். அதன் பக்கவாட்டில் பெயிண்டில் எழுதிய பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. ஊருக்கே அது ஆமை. "ஆமை கிளம்பிடுச்சா?", "ஆமையை நம்பினா வேலை போயிடும்" என்றுதான் பேச்சு.

பாலம் திறந்ததும் படகை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். பயணிகள் காத்திருந்த கல் கட்டடம் மட்டும் பூட்டிக் கிடந்தது. அதைத்தான் தச்சரும் அவர் மனைவியும் வாடகைக்குப் பிடித்தார்கள். மனைவி அக்கரைப் பால் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "அடுத்தவங்க பாலைக் காய்ச்சினது போதும், இனி நம்ம கையால ஏதாவது பண்ணுவோம்" என்று சீஸ் செய்யக் கிளம்பினாள். கட்டடத்துக்கு அடியில், முன்பு கயிறும் மிதவைகளும் போட்டு வைத்த நிலவறை இருந்தது. ஆற்றின் குளிர்ச்சி சுவர் வழியே ஊறி வரும். தச்சர் அங்கே மரத்தட்டுகள் அடித்துக் கொடுத்தார். அவள் தினமும் இறங்கிப்போய், வட்டமான ஒவ்வொரு சீஸையும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, புரட்டி வைத்துவிட்டு வருவாள்.

முதல் சீஸ் பழுக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் ஆகிவிடும் என்று நினைத்தது, நாலு மாதம் கழித்தும் வெட்டினால் ரப்பராக இருந்தது. தச்சர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்தார்.

"இது நம்ம ஆமையோட பிள்ளைதான். சந்தேகமே இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டதே அந்தப் படகில்தான். அவர் யாருக்கோ செய்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தார். அவள் பண்ணைக்குப் போக நின்றுகொண்டிருந்தாள். படகு கிளம்புகிற வழியாக இல்லை. "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உட்காருங்க" என்று நாற்காலியை இறக்கி வைத்தார். படகு நேரத்துக்குப் போயிருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

குளிர்காலம் முடிந்த பிறகுதான் சீஸ் பழுத்தது. உள்ளே வெண்ணெய் மஞ்சள், வறுத்த கொட்டையின் வாசனை. ஆமை என்றே பெயர் வைத்து, ஆமைப் படம் போட்டு லேபிள் அச்சடித்து, அந்தக் கட்டடத்திலேயே கடை போட்டார்கள். சீஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் பெயரைப் பார்த்து உள்ளே வந்தார்கள். ஒருவர் படகால் பரீட்சையைக் கோட்டைவிட்ட கதையைச் சொன்னார். இன்னொருவர் ஏறும்போது படகுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்த கதை. வாங்கியவர்களும் போகாமல் நின்றார்கள். பழையபடி அது காத்திருக்கும் அறை மாதிரியே ஆகிவிட்டது.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரி வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. யாரோ அவளுக்குக் கொடுத்த சீஸைப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

"அந்தப் படகை ஓட்டினது எங்க அப்பா. மழைன்னு பார்க்கல, காய்ச்சல்னு பார்க்கல. கடைசியில அவருக்கு மிஞ்சினது இந்தக் கேலிதானா?"

"கேலி இல்லம்மா. ஆசையா வச்ச பேரு" என்றாள் தச்சரின் மனைவி.

"ஆசை உங்களுக்கு. அவர் காதுல விழுந்தா என்ன ஆகும்? அந்தப் பேரை அவர் முன்னாடி யாரும் சொன்னதில்ல. வீட்ல நானே சொன்னதில்ல."

அவள் போன பிறகு தச்சரின் மனைவிக்குக் கை வேலையில் ஓடவில்லை. பெயரை மாற்றிவிடலாம் என்றாள். தச்சர் லேபிள் கட்டைப் பார்த்தார்.

"மாத்தலாம். ஆனா அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்து."

படகோட்டி மருந்துக்கடைக்கு மேல் மாடியில் மகளோடு இருந்தார். உடம்பு வற்றியிருந்தாலும் கைகள் மட்டும் அதே பெரிய கைகள். மகள் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தச்சரின் மனைவி லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் சீஸைக் கொண்டுவந்திருந்தாள். அவர் ஒரு துண்டை நிதானமாக மென்று விழுங்கினார்.

"நல்லா இருக்கு. பேரு ஏதாவது வச்சிருக்கியா?"

"ஆமைன்னு வச்சோம் ஐயா. உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா மாத்திடறோம்."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"அது என் பொண்டாட்டி வச்ச பேரு."

"அம்மாவா?" என்றாள் மகள்.

"கல்யாணமான புதுசுல தினமும் சாப்பாடு எடுத்துட்டுத் துறைக்கு வருவா. மேட்டுல ஒருத்தர் ஓடி வர்றதைப் பார்த்துட்டு எப்படிக் கயித்தை அவிழ்க்கிறது? நின்னுடுவேன். அவருக்குப் பின்னாடி இன்னொருத்தர் வருவார். ஒரு நாள் படகு நிறைய ஆளோட வந்து சேர்றேன், கரையில இருந்து கத்தறா, 'ஏன் ஆமைக்காரரே, சாப்பாடு ஆறிப்போய் யுகமாச்சு'ன்னு. மொத்தப் படகும் சிரிச்சுது. அன்னைக்கே எல்லாரும் அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டாங்க."

அவர் இன்னொரு துண்டை எடுத்தார். ஆனால் வாயில் போடவில்லை.

"அவ போனப்புறம் என் முன்னாடி யாரும் அதைச் சொல்றதில்ல. எனக்கு வருத்தமா இருக்கும்னு நினைச்சாங்க போல. சொல்லாம விட்டதுதான் எனக்கு வருத்தம்."

மகள் கட்டியிருந்த கையை எப்போதோ அவிழ்த்திருந்தாள். அம்மா இறந்தபோது அவள் நடை பழகும் குழந்தை. அம்மா என்றால் அவளுக்குச் சுவரில் தொங்கும், வாய் திறக்காத ஒரு படம்தான்.

"அம்மா சத்தமா பேசுவாங்களா?"

"சத்தமாவா? அக்கரையில இருக்கிறவங்க திரும்பிப் பார்ப்பாங்க."

மகள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தச்சரின் மனைவி சொல்லிக்கொள்ளாமலே எழுந்து படியிறங்கினாள். பாதிப் படியில், மேலே இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பெயர் மாறவில்லை. இப்போது மருந்துக்கடையிலும், ஊசி மருந்து வைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில், சீஸுக்கென்று ஒரு சின்னக் குளிர்பெட்டி இருக்கிறது. இருமல் மருந்து வாங்க வருகிறவர்களிடமும் மகளே ஒன்றை எடுத்துக் காட்டுகிறாள்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க. எங்க அம்மா வச்ச பேரு."