அப்பா மூடிய தொழிற்சாலை

டை முடிச்சு மறுபடியும் கோணலாகத்தான் விழுந்தது. அப்பாவின் விறைத்த கழுத்து அவள் விரல்களுக்கு இடம் கொடுக்கவில்லை. "விடும்மா, அப்படியே இருக்கட்டும்," என்றாள் அம்மா. மகள் விடவில்லை. உயிரோடு இருந்தபோது அந்தக் கழுத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் பெரிய நிறுவனமொன்றின் உலகளாவிய தலைவராக இருந்தவர் அப்பா. பாதி வருஷம் விமானத்தில், மீதி போனில். பள்ளியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, "ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற வேலைன்னு சொல்லு" என்று அம்மா சிரிக்காமல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

கூடத்தில் சவப்பெட்டியை வைத்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பல தேசத்து முகங்கள். அப்பா அடித்த ஜோக்கைச் சொல்லி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் பேசினாலும் குறுக்கிடாமல் கேட்பார் என்றாள் ஒரு பெண். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே மகளுக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட வாய் திறக்காமல் கையை நீட்டிய மனிதர் அவர். இதில் கடைசியாக அவள் வேறு பேச வேண்டுமாம்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். போட்டிருந்த கோட்டு இரவல் வாங்கியதுபோல் தொளதொளவென்று இருந்தது. டயர் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தாராம்.

"உங்கப்பா சொல்லித்தான் அதை மூடினாங்க."

திட்ட வந்திருக்கிறாரா? தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

மூடப்போகிற விஷயத்தைச் சொல்ல அப்பாவே நேரில் வந்தாராம். அதற்குப் பிறகு அவ்வப்போது போன் செய்து, வேலை கிடைத்ததா என்று விசாரிப்பாராம்.

"கிடைச்சுதா?"

"இல்ல. கிடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறமும் கூப்பிட்டார். வேலை எப்படிப் போகுதுன்னு கேப்பார். நானும் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லுவேன். பொறுமையாக் கேட்டுக்குவார்."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வந்துது. போன் வராட்டாலும் வந்துது."

அவர் பெட்டியருகே போய் வெகுநேரம் நின்றார். "முகம் வேற மாதிரி இருக்கு," என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது."

மைக்கைச் சரிசெய்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். அலுவலகத்தார் ஒரு பக்கம், வீட்டார் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பெரியவர் நடுவில் நின்றார். அவள் அவர் முழங்கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துப் போனாள். அம்மா தன் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.