குழாயில் யாரும் குடிப்பதில்லை

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து ஆய்வுக்காகக் குழாய் குழாயாகப் போய்க் குட்டிக் குப்பிகளில் தண்ணீர் பிடித்து வந்தவளுக்கு அண்ணன் வைத்த பெயர் அது. வைத்தவன் மறந்தாலும் மூன்று மாடிக்காரர்களும் மறப்பதாக இல்லை.

இப்போது சொட்டுக்கு ஒரு பெரிய சங்கடம். பேர்போன இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. ஒன்றில் உயிரியல், ஊரே அண்ணாந்து பார்க்கும் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. மற்றதில் உயிரியலோடு பொதுச் சுகாதாரமும் சேர்ந்த படிப்பு. முதல் வருடமே மாணவர்களைத் தெருத்தெருவாக, வீடுவீடாக அனுப்பிவிடுவார்கள். இன்று மாலைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். சொன்னால் மற்றது கைநழுவிப் போய்விடும்.

மடிக்கணினியில் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு ஒண்ணத் தொடு. முடிஞ்சது கதை" என்றான் அண்ணன்.

"உன் வாழ்க்கைய நீ அப்படித்தான் ஓட்டுற. என்னை விடு."

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா திரும்பினாள். "கடவுள்கிட்ட கேட்டியாடி?"

"காலையிலயே கேட்டாச்சும்மா. இன்னும் பதில் வரல."

"அவருக்கும் ஆயிரம் வேலை இருக்கும். காதத் திறந்து வெச்சிக்கோ."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு குரல். "சொட்டு! ஏய் சொட்டு! கொஞ்சம் இறங்கி வாயேன்டி!"

"இந்தா, பதில் வந்துடுச்சு" என்று அண்ணன் சிரித்தான்.

கூப்பிட்டது கீழ்வீட்டு அக்கா. சொட்டுக்கு எரிச்சலாக வந்தது. இன்றைக்குத்தானா? ஆனாலும் அந்தக் குரலில் ஒரு களைப்பு இருந்தது. எழுந்து போனாள்.

அக்காவின் தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. "மறுபடியும் வயித்தால போகுதுடி. இறக்கி விட்டா கத்துறான். தண்ணி வந்துடுச்சு, அந்த ட்ரம்ம மட்டும் ரொப்பிக் குடுத்துடேன்."

கீழ்வீடுகளுக்குள் குழாய் கிடையாது. முற்றத்துக் குழாயில் ரப்பர் டியூபைச் செருகி, சமையலறை ட்ரம்முக்கு இழுத்துக்கொள்வார்கள். சொட்டு அந்தக் குழாயில் எத்தனையோ தடவை தண்ணீர் பிடித்திருக்கிறாள். முறை தவறியதே இல்லை. குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள், கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிடுவாள், பிறகு விரல் படாமல் குப்பியில் பிடிப்பாள். கிருமி ஒன்றுகூட வளராதபோது, "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு" என்று மாடி மாடியாகப் பெருமையோடு சொல்லியும் வந்தாள்.

ஆனால் ட்ரம் ரொப்பியதில்லை. இன்றுதான் அந்த டியூபைக் கையில் எடுத்தாள். சாக்கடை ஓரத்தில் கிடந்தது. வாய்ப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. விரலை விட்டு இழுத்தாள். கரும்பச்சையாகப் பாசி ஒட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, இந்த டியூப்ல பிடிக்கிறதத்தான் குடிக்கிறீங்களா?"

"பின்ன? குழாய்ல வாய வெச்சா குடிப்பாங்க?"

"காய்ச்சித்தானே?"

"முன்னாடி காய்ச்சிக்கிட்டுதான் இருந்தேன். நீதான் சுத்தம்னு சொன்னியே. படிக்கிற பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

சொட்டு டியூபைக் கீழே போட்டாள். சோதனையில் ஒரு பிசகும் இல்லை. குழாயைச் சோதித்தாள், குடிப்பவர்களைப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு ட்ரம்மை ரொப்பிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மனசாட்சி அவளை விடவில்லை.

"அக்கா, நான் சொன்னது தப்பு. குழாய மட்டும்தான் பாத்தேன். இந்த டியூப நினைக்கவே இல்ல. இதுனாலதான் வயிறு கெட்டுதுன்னு உறுதியா சொல்ல முடியாது, சோதிச்சாத்தான் தெரியும். ஆனா இந்தத் தண்ணி வேண்டாம்க்கா. என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"இத முன்னாடியே பாத்திருக்கக் கூடாதாடி?" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, விடு. இப்பவாவது கண்ணுல பட்டுச்சே. நீ வரலேன்னா இன்னிக்கும் இதத்தான் குடுத்திருப்பேன்" என்றாள்.

கடவுள் வாய் திறந்து பேசுவது அபூர்வம். அடுத்தவருக்குக் கைகொடுக்கப் போன இடத்தில் நமக்கு வேண்டியதை வைத்துவிட்டு, பேசாமல் நகர்ந்துவிடுவார்.

அண்ணன் மறுபேச்சில்லாமல் அக்காவையும் குழந்தையையும் பைக்கில் மருத்துவரிடம் கூட்டிப்போனான். சொட்டு ட்ரம்மைத் தேய்த்துக் கழுவி, வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்தது. டியூபிலிருந்து ஒரு குப்பி பிடித்து மூடினாள். அப்புறம் மற்ற கீழ்வீடுகளின் கதவைத் தட்டினாள்.

"என்ன சொட்டு, குழாய் முடிஞ்சு இப்ப டியூபா? அடுத்து எங்க வீட்டுக் குடமா?" என்றார் முடிவெட்டும் கடைக்காரர்.

"அதையும் காட்டுங்க மாமா. குழந்தைங்க எந்த டம்ளர்ல மொண்டு குடிக்கிறாங்க?"

அவர் சிரித்தார், ஆனால் குடத்தைக் காட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழக்கம், ஒரு காரணம். கேட்கக் கேட்க அவளுக்கு அலுக்கவே இல்லை. மாலை வந்ததுகூடத் தெரியவில்லை.

மருந்தும் உப்புக்கரைசல் பொட்டலங்களுமாக அக்கா திரும்பினாள். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அவள் பின்னாலேயே, பஸ் ஓட்டிக் களைத்த அப்பாவும் வந்தார். சொட்டு அவருக்கு முன்னால் மாடியேறி, மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள்.

"எதுக்குச் சரி சொன்னம்மா?"

"இன்னும் இல்லப்பா. சுகாதாரம் இருக்கிற இடத்துக்குத்தான் போகணும்னு தோணுது."

அப்பாவின் முகம் சற்று வாடியது. "அந்தப் பெரிய லேப்? டிப்போவுல எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லிட்டேனேம்மா."

சொட்டு நடந்ததைச் சொன்னாள். தன் தவறையும் மறைக்கவில்லை. "லேப் வேலை எனக்கு வருதுப்பா. மனுஷங்கள எப்படிப் பாக்கணும்னுதான் தெரியல. அதச் சொல்லிக் குடுக்குற இடத்துக்குப் போறேனே."

அப்பா செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றார். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, அமுக்கு. டிப்போவுல ரூட்ட மாத்துறது ஒண்ணும் புதுசில்ல."

அமுக்கினாள். திரையில் வாழ்த்துச் செய்தி வந்தது. அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"படிப்போட பேர ஒரு தடவை மெதுவாச் சொல்லும்மா" என்றார் அப்பா. "நாளைக்குத் தப்பாச் சொல்லிடக் கூடாது."

சொட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அப்பா உதடசைத்து, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்.